கார்த்தி கொண்டுவந்த எஞ்சின்

போன வாரம் நரிக்குடியில் ஒரு கல்யாணம். வழக்கம்போல பாண்டியின் காரில் கிளம்பினேன். பாண்டி பாளையம்பட்டியில் எங்கள் தெருக்காரர். அந்தப் பழைய கார் வாடகைக்கு ஓடினால்தான் அவர் வீட்டில் உலை வைக்க முடியும்.

திருச்சுழியைத் தாண்டியதும் பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி! டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. வண்டியை ஓரங்கட்டிய பாண்டி, ஸ்டியரிங் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"மறுபடியுமாண்ணே..."

மறுபடியும்தான். கோடையில் இதே மாதிரி சூடாகித்தான் பழைய எஞ்சின் இறுகிச் செத்தது. புது எஞ்சின் வாங்க வசதி ஏது? மதுரையில் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கும் மச்சினன் கார்த்திதான் கைகொடுத்தான். பின்பக்கம் அடிபட்டு நின்றுபோன ஒரு காரிலிருந்து நல்ல எஞ்சினாகத் தேடிப் பிடித்தான். லோடு வண்டியில் ஏற்றி, தானும் கூடவே உட்கார்ந்து வந்து இறக்கினான்.

அதை மாட்டிய பிறகும் இந்தக் கதி என்றால்?

பாண்டி நடுரோட்டிலேயே போனை எடுத்தார். "மாப்ள, தெரிஞ்சே எந்தலையில கட்டிட்டியேடா! ஊரான்கூட இப்பிடிச் செய்ய மாட்டான். இனிமே என் வீட்டு வாசல மிதிக்காத!"

அந்தப் பக்கம் கார்த்தி வாயைத் திறப்பதற்குள் கட்.

கோபத்தில் ஒன்றை மறந்துவிட்டார் மனிதர். அடுத்த மாதம் அவர் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்துவார்கள்?

மறுநாள் காலை மெக்கானிக் மாரியின் பட்டறைக்கு நானும் போனேன். பாண்டியின் மனைவி முத்துலட்சுமி கண்கள் வீங்க நின்றிருந்தார். தம்பிக்காகப் பேசினால் புருஷனுக்குக் கோபம். பேசாவிட்டால் தம்பிக்கு வருத்தம். பாவம், என்னதான் செய்வார்?

"தெர்மோஸ்டாட் மாத்தியாச்சு. ஃபேன் சுத்துது. ஒழுகல் எங்கயும் இல்ல" என்றார் மாரி. "அப்ப எஞ்சினோட மேல்மூடி, ஹெட்டுதான் சூட்டுல வளைஞ்சிருக்கணும். கழட்டிருவமாண்ணே?"

"கழட்டுங்க."

திரும்பிப் பார்த்தோம். கார்த்தி! முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறான். மச்சான் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

"எங்கண்ணு முன்னால கழட்டுங்க. கோளாறு எஞ்சின்லதான்னா நானே திரும்ப ஏத்திக்கிட்டுப் போறேன்."

மாரி ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "ஹெட்டு போயிருந்தா ஆயில்ல தண்ணி கலந்து மோர் மாதிரி வெளுத்திருக்கும். இது சுத்தமால்ல இருக்கு? எதுக்கும் தண்ணி ஊத்தி ஒருக்கா ஓட்டிப் பாத்துருவோம்."

முத்துலட்சுமி கேனை எடுத்து ரேடியேட்டரில் ஊற்றினார். சாய்த்ததுமே தண்ணீர் வாய்வரை வந்து வழிந்தது. நேற்றுதான் அவ்வளவு தண்ணீரும் ஆவியாகப் போனது... உள்ளே இறங்க வேண்டாமா?

"ஏங்க, தண்ணி மேலயே நிக்குதுங்க" என்றார். பிறகு குனிந்து பார்த்தார். "உள்ள வெள்ளையா படிஞ்சிருக்கு. நம்ம வீட்டு வெந்நிப் பானையில படியுமே, அது மாதிரி!"

மாரி எஞ்சினை ஓடவிட்டார். சூடேறியதும் நிறுத்திவிட்டு ரேடியேட்டரின் மேல்பக்கம் கையை வைத்தார் — சட்டென்று இழுத்துக்கொண்டார். அடிப்பக்கம் வைத்தார். வைத்த கை அப்படியே இருந்தது.

"மேல கொதிக்குது, அடியில ஜில்லுன்னு கெடக்கு. முழுக்க அடைச்சிருக்கு. ஒழுகலையேன்னு நானும் இத விட்டுட்டேன்" என்றவர் பாண்டியைப் பார்த்தார். "என்ன தண்ணிண்ணே ஊத்துவீக?"

"நம்ம போர் தண்ணிதான்..." பாண்டியின் குரல் இறங்கிவிட்டது. அந்தப் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அத்தனை உப்பு. நாம் குடிக்க கேன் வாங்குகிறோம். காருக்கு யார் வாங்குகிறார்கள்?

பழைய எஞ்சினைக் கொன்றதும் அந்த உப்புதான் என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எஞ்சின் மாறியது, ரேடியேட்டர் மாறவில்லை. புதிதாக வந்தது எஞ்சின் மட்டும்தான் என்பதால் பழியும் அதன் மேலேயே விழுந்தது. எத்தனை வீடுகளில் புது மருமகள்கள் இதே பழியைச் சுமக்கிறார்கள்!

அன்று மாலைக்குள் வேறு ரேடியேட்டர் மாட்டி, போர் தண்ணீருக்குப் பதில் கடையில் விற்கும் கூலண்ட் ஊற்றினார்கள். பாண்டி சாவியைக் கார்த்தியிடம் நீட்டினார். "நீயே ஓட்டிப் பாரு மாப்ள."

திருச்சுழி வரை போய்த் திரும்பினோம். முள் பாதியைத் தாண்டவில்லை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது கார்த்தி சொன்னான்: "எஞ்சின் மோசம்னு சொல்லிருந்தா பரவால்ல மச்சான். தெரிஞ்சே கட்டிட்டேன்னு சொன்னீகளே... அதத்தான் தாங்க முடியல."

சாவியை மச்சான் கையில் வைத்துவிட்டு அவன் பஸ் ஏறிவிட்டான்.

நேற்று காலை பாண்டியும் முத்துலட்சுமியும் மகளை அழைத்துக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு மதுரைக்குக் கிளம்பினார்கள். காதுகுத்துக்கு முறைப்படி அழைக்கத்தான். பாண்டி என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, "என்ன பேசுறதுன்னு தெரியலண்ணே" என்றார்.

"ஒண்ணும் பேச வேண்டாம். முதல்ல போய் நில்லுங்க" என்றேன்.

சாயங்காலம் போன் வந்தது. பேசியது கார்த்தி. "மச்சான் சாப்புட்டுட்டுத் தூங்குறாக சார். காலையிலதான் வருவாக."

பழி சொல்ல ஒரு போன் போதும். சொன்னதைத் திரும்ப எடுக்க நேரில்தான் போக வேண்டியிருக்கிறது.