அந்தோனியார் படத்தின் கீழ் இருந்த இலக்கம்

அன்பான உறவுகளே, நண்பர்களே, எங்கள் அண்ணாவின் நினைவுப் பூசை தொடங்க இன்னும் கால் மணித்தியாலம் இருக்கிறது. கோயில் வாசலில் இந்த நினைவுப் புத்தகத்தைத் தரும்போதே, உள்ளே போய் இருந்து வாசித்துவிடுங்கள் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் அண்ணா கொட்டாஞ்சேனையில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். அண்ணாவுக்குப் பிறகு நான், எனக்கு ஆறு வயது இளையவன் தம்பி. அப்பா மாரடைப்பில் போனபோது அண்ணாவுக்குப் பதினெட்டு வயது. அடுத்த மாதமே வெள்ளவத்தையில் ஒரு பல்வைத்தியரின் கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தார். தம்பியின் படிப்பும் என் கலியாணமும் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தன. தனக்கென்று ஒரு கலியாணம் செய்யவில்லை. கேட்டால் "பார்ப்பம், பார்ப்பம்" என்பார். குரலை உயர்த்திப் பேச மாட்டார். வீட்டுக் கோபம் முழுவதும் எனக்குத்தான் வந்து சேர்ந்தது.

அப்பா விட்டுப்போன ஒரு நல்ல பொருள் கிற்றார். சுவீடனில் செய்தது. கப்பலில் வந்த மாலுமி ஒருவர் அப்பாவோடு பழகிய பழக்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். வட்டத் துளைக்கு நேர் கீழே, உட்புறத்தில், தொழிற்சாலையின் லேபலும் இலக்கமும் இருந்தன. அந்த இலக்கத்தை எங்களில் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. தம்பி கோயில் பாடகர் குழுவில் வாசிக்கத் தொடங்கியபோது அம்மா கிற்றாரைச் சுவாமியாரிடம் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்கி, கோதுமை மாவில் கூழ் காய்ச்சி, அந்தோனியார் படம் ஒன்றை லேபலின் மேலேயே ஒட்டிவிட்டார். எங்கள் வீட்டுத் தையல் மெசினிலும் அலுமாரியிலும் தம்பியின் சைக்கிளிலும்கூட அந்தோனியார் இருந்தார். தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர் காவலுக்கு இருந்தால் சாமான் தொலையாது என்பது அம்மாவின் நம்பிக்கை.

போர்க்காலத்தின் கடைசி வருடங்கள் அவை. பல்வைத்தியரின் மகளுக்கு வெள்ளவத்தையில் கலியாண விருந்து, மத்தியானச் சாப்பாடு. அண்ணா சொல்லித்தான் தம்பியை வாசிக்கக் கூப்பிட்டார்கள். விருந்து நாலு மணிக்கு முடிந்தது. "நீ முன்னுக்குப் போ, நான் கதிரை மேசையெல்லாம் ஒதுக்கிக் குடுத்துட்டு வாறன்" என்று அண்ணா அவனை அனுப்பினார். கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு காலி வீதி என்ற பெருந்தெருவில் அவன் பஸ்ஸுக்கு நின்றதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பஸ் ஏறியதைக் கண்டவர் ஒருவரும் இல்லை. அவனுக்கு இருபத்திரண்டு வயது.

அண்ணாவும் நானும் வெள்ளவத்தையிலிருந்து வடக்கே கொள்ளுப்பிட்டி, தெற்கே தெகிவளை என்று பொலிஸ் நிலையம், ஆஸ்பத்திரி, பிரேத அறை ஒன்றும் விடாமல் ஏறி இறங்கினோம். அவன் காணாமற்போன இடம் அதுதானே, அந்தப் பக்கத்தில்தான் தடயம் இருக்கும் என்று நினைத்தோம். இரண்டு வருடம் அலைந்த பிறகு அண்ணா சொன்னார், "ஆளைத் தேட இனி வழியில்லை. கிற்றாரைத் தேடுவம். அது எங்கேயாவது விலைக்கு வரும். வித்தவனைப் பிடிச்சால் தம்பியைக் கேக்கலாம்."

எனக்கு விசர் வந்தது. "கிற்றாரை நோண்டினால் அவன் வந்திடுவானோ?" என்று கத்தினேன்.

இலக்கம் தெரியாது. தம்பி கிற்றாரோடு நிற்கும் ஒரு படம் மட்டும் இருந்தது. அதைச் சுவீடனில் ஒரு வயதானவருக்கு அண்ணா அனுப்பினார். அந்தத் தொழிற்சாலையின் இலக்கங்கள் எந்த வருடத்தில் எதுவரை போயின என்று பட்டியல் வைத்திருக்கிற மனிதர் அவர். அவரிடமிருந்து அண்ணா கடிதம் கடிதமாகப் படித்தார். இலக்கம் கிடைத்தால் வருடம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் லேபலின் எழுத்தைப் பார்க்க வேண்டும், தலைப்பகுதியின் வடிவத்தைப் பார்க்க வேண்டும், கழுத்தை உடலோடு எப்படிப் பூட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். "ஒண்டை மட்டும் நம்பப்படாது. முறுக்காணியை மாத்தியிருப்பாங்கள். மூண்டு அடையாளமாவது ஒத்துவரோணும்" என்பார். தம்பியின் படத்தை வைத்து, எங்கள் கிற்றார் அறுபதுகளின் தொடக்கத்தில் செய்தது என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள்.

அதன் பிறகு கிளினிக்கில் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றும் ஒரு ரோச் லைற்றும் எப்போதும் அண்ணாவின் சட்டைப் பையில் இருந்தன. ஞாயிறு பூசை முடிந்தால் மருதானைப் பழைய சாமான் கடைகள். கிற்றாரின் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார். உங்களில் சிலரே அவரைச் "சுவீடன் மாஸ்டர்" என்று பகிடி பண்ணினீர்கள். அவரும் சிரித்தார். வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் தங்கள் கிற்றாரைப் படமெடுத்து அனுப்பி வருடம் கேட்டார்கள். எல்லாருக்கும் பதில் எழுதினார்.

ஒருநாள் மருதானையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் "நானா" என்று கூப்பிடுகிறவர், எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தார். அண்ணா இல்லை, நான் எடுத்தேன். அந்த சுவீடன் கிற்றாரை அண்ணா எப்போது கொண்டுபோகப் போகிறார் என்று கேட்டார். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டார். காட்டாமல் சோறு தின்ன மாட்டேன் என்று பிடிவாதம். அண்ணா கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். கண்ணாடி, ரோச். அரை மணித்தியாலம் பார்த்தார்.

"இல்லை அம்மா. இது எழுபதுகளில செய்தது. எங்கடது அதுக்குப் பத்து வருஷம் முந்தினது."

அம்மா குனிந்து துளைக்குள் பார்த்தார். "ஓம், அந்தோனியாரும் இல்லை. அப்ப என்ர பிள்ளை கிற்றாரோட எங்கேயோ இருக்கிறான்" என்று சொல்லிச் சோற்றுக்கு எழுந்தார்.

கிற்றாரை நானாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்றோடு அண்ணா தேடுவதை நிறுத்தினார். மருதானைக்குப் போகவில்லை. ரோச்சையும் கண்ணாடியையும் மேசை லாச்சிக்குள் போட்டார். "அலுத்துப்போச்சு, என்ன? அவனை அந்த விருந்துக்கு அனுப்பினது நீங்கள்தானே!" என்று அம்மாவுக்கு முன்னாலேயே கேட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உங்களிலும் சிலர் அண்ணா தம்பியைக் கைவிட்டுவிட்டார் என்று கதைத்தீர்கள். அதைக் கிளப்பிவிட்டது நான்தான்.

அம்மா அந்தோனியாருக்குரிய செவ்வாய்க்கிழமை தவறாமல் தம்பியின் பெயரை உயிரோடிருப்பவர்களுக்கான மன்றாட்டில் எழுதிக் கொடுப்பார். கார்த்திகையில் இறந்தவர்களின் பெயர் வாசிக்கும்போது அவன் பெயரைச் சேர்க்கலாமா என்று ஒரு சுவாமியார் கேட்டதற்கு, "உயிரோட இருக்கிற பிள்ளையைச் செத்தவையோட வாசிக்கிறதோ?" என்று சண்டைக்குப் போனார்.

போன வருடம் அண்ணாவின் ஈரலில் புற்றுநோய் என்றார்கள். மூன்று மாதம்தான். கடைசிக் கிழமை என் கையைப் பிடித்து, "அம்மாவுக்குப் பிறகு நானா வருவார். அவரோட சண்டை பிடிக்காத" என்றார். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நினைத்தேன். அண்ணா போய் ஏழாம் மாதம் அம்மாவும் போனார்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் முடிந்த மறுநாள் நானா வந்தார். படுக்கை விரிப்பில் சுற்றிய கிற்றார், ஒரு கொப்பி. "ஒங்கட அண்ணன் எங்கிட்ட அமானிதமாத் தந்தது தங்கச்சி. உம்மா இருக்கிற வரைக்கும் வெளிய எடுக்கவாணாம்னு சொன்னாரு" என்றார். அந்த அடைக்கலப் பொருளை எத்தனையோ வருடமாகத் தன் கடை மாடியில் வைத்திருந்திருக்கிறார்.

கொப்பியில் அண்ணாவின் எழுத்து. "இலக்கம் சுவீடனுக்கு அனுப்பினேன். அறுபதுகளின் தொடக்கம். லேபல், தலை, கழுத்து மூன்றும் ஒத்துவருகிறது. படம் ஈரத்தில் உரிந்துவிட்டது. நாலு மூலையிலும் கூழ்க் கறை. ஒரு மூலையில் அந்தோனியாரின் லீலிப்பூ மட்டும் ஒட்டியிருக்கிறது. எங்கடதுதான்." எழுதிய திகதி, அண்ணா அதை அம்மாவுக்குக் காட்டிய நாளுக்கு ஒரு மாதம் முந்தியது. கட்டிலில் வைத்துப் பார்த்த அந்த அரை மணித்தியாலமும் நடிப்பு.

அடுத்த பக்கம், நானாவுக்குக் கிற்றாரை விற்றவர் அண்ணாவிடம் சொன்னது. முகத்துவாரத்து மீன்பிடிக்காரர். விருந்துக்கு மறுநாள் காலை, ஆறு கடலில் விழும் இடத்துப் பாறைகளுக்குள் ஒரு பெடியனின் உடல் கிடந்ததாம். நீலக் கோடு போட்ட சட்டை. பக்கத்தில் உறையோடு கிற்றார். "பயந்துட்டன் மாத்தயா, கிற்றாரை மட்டும் எடுத்துக்கிட்டு ஓடிட்டன்" என்றாராம். உடலைப் பிறகு யாரோ தூக்கிப்போனார்கள். உரிமை கோர ஒருவரும் வராமல் புதைக்கப்பட்டதாம். தம்பி விருந்துக்குப் போட்டுப்போன அந்தச் சட்டையை அம்மாதான் தைத்தார். முகத்துவாரம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். நாங்கள் தெகிவளை வரை தேடினோம், ஐயோ, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு வரி. "அம்மா இருக்கும்வரை இது எழுபதுகளில் செய்த கிற்றார்."

அண்ணாவைப் பராமரித்த தாதிமாருக்கும், பெட்டி தூக்கிய அயலவர்களுக்கும், அமானிதத்தைக் காத்த நானாவுக்கும், முகம் தெரியாத அந்தச் சுவீடன் பெரியவருக்கும், பயந்தாலும் கேட்டபோது உண்மையைச் சொன்ன மீன்பிடிக்காரருக்கும் எங்கள் நன்றி. அண்ணா, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இந்தப் பக்கம்தான் மிஞ்சியிருக்கிறது.

இனி மணி அடிக்கும். இறந்தவர்களுக்கான மன்றாட்டில் அண்ணாவின் பெயருக்கு அடுத்ததாகத் தம்பியின் பெயர் முதல்முறையாக வாசிக்கப்படும். எழுதிக் கொடுத்தது நான். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். இத்தனை வருடமும் அவன் ஆன்மாவுக்காக அண்ணா தனியாகத்தான் செபித்திருக்கிறார். இன்றைக்கு எல்லோருமாகச் சத்தமாகப் பதில் சொல்லுங்கள்.