காதர் பாயிடம் மணி கேட்டவர்

கமலவேணி அக்கா இறந்து நான்காம் நாளான இன்றும், காலை ஆறே முக்காலுக்கு அவர் வீட்டு ஸ்பீக்கர் காதர் பாயின் பெயரைச் சொன்னது. பக்கத்தில் நின்று கேட்ட மகள் மல்லிகா தந்த தகவல் இது. ஞாயிறு மதியம் உறக்கத்திலேயே அம்மா போய்விட்டார் என்று எனக்குச் சொன்னதும் அவர்தான். "பொட்டியை நிறுத்திரட்டுமா மாமா?" என்று இன்று கேட்டார்.

அக்கா கம்பம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் செய்தியாளனாகச் சேர்ந்த புதிதில் மதுரை அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டுத் தந்த குரல் அவருடையது. முகத்தைப் பார்க்க ஆறு மாதம் ஆயிற்று. கணவர் போன பிறகு தனியாக இருந்தவருக்கு, கேட்டால் பதில் சொல்லும் அந்த ஸ்பீக்கரைப் பெங்களூரிலிருந்து மல்லிகா வாங்கி வந்தார். அதனிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும்; அக்காவின் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும். மல்லிகா இரண்டு முறை சொல்ல வேண்டியதை அக்கா ஒரே முறை சொன்னால் போதும். "புது டியூட்டிக்காரி. பாவம், இவளை மாத்திவிட ஆளே கெடையாது" என்பார் அதைப் பார்த்து.

ஒருநாள் நான் போயிருந்தபோது அதனிடம் மணி கேட்டார். அது சொன்னது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டார்.

"எதுத்தாப்புல கடிகாரம் இருக்கேக்கா?"

"எக்ஸ்சேஞ்சுல இருக்கையில, தனியா இருக்குறவுக சில பேரு மணி என்னம்மான்னு கேட்டுக் கூப்புடுவாக தம்பி. அவுக வீட்டுக் கடிகாரம் அடிக்கிறது எனக்கு லைன்ல கேக்கும். நானும் ஒண்ணும் காட்டிக்கிறாம மணியச் சொல்லுவேன். இப்ப நான் அந்தப் பக்கம் வந்துட்டேன்."

காப்பியைக் குடித்து முடித்த பிறகு இன்னொன்று சொன்னார்: "இவ எதைக் கேட்டாலும் சொல்லுறா. ஆனா எங்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிறா."

அடுத்த வாரமே அந்தக் கருவிக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார். தனியாக இருக்கும் ஒன்பது பேரின் பெயர்களை அது தினமும் காலையில் வரிசையாக நினைவூட்டும். அக்கா ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு மணி கேட்பார். முதல் பெயர் உத்தமபாளையம் காதர் மைதீன் ராவுத்தர். நெல் வியாபாரத்தை விட்டு வீட்டோடு இருந்தவர். ஒருமுறை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"ஏம்மா, ஒங்க வீட்ல கடிகாரமே கெடையாதா?"

"இருக்கு பாய். நீங்க சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

"நேத்துக் குடுத்த நம்பிக்கை தீந்துபோச்சாக்கும்? ஆறு அம்பது. எழுதி வச்சுக்கங்க."

போன ஐப்பசியில் ஒரு மழைநாள் காலை அக்கா என்னைப் போனில் கூப்பிட்டார். "தம்பி, காதர் பாய் மணி சொல்லல. மூணு தரம் அடிச்சுட்டேன். போய்ப் பாருங்க." உத்தமபாளையத்தில் அவர் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பக்கத்து வீட்டுக்காரருடன் சேர்ந்து பின்கதவைத் திறந்தோம். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எழ முடியாமல் கிடந்தார். போன் அடித்தது மூன்று முறையும் அவருக்குக் கேட்டிருக்கிறது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது கூடத்துக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "அந்தம்மா காத்திருப்பாக. ஏழே முக்கால்னு சொல்லிருங்க" என்றார். நாற்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதுகிறேன். இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் எழுதாமலே விட்டேன்.

இப்போது வாக்கரோடு நடக்கும் காதர் பாய்க்கு, திங்கள் காலையும் நேற்றும் போன் வரவில்லை. இன்று பெயரைக் கேட்டதும் மல்லிகாவே அவரைக் கூப்பிட்டு, அம்மா போன பிறகும் பெட்டி அவர் பெயரைச் சொன்னதைச் சொல்லி, மணி கேட்டிருக்கிறார். அவர், "ஆறு நாப்பத்தெட்டு" என்றாராம். கூடவே, "அந்தப் பொட்டிய எனக்குக் குடுப்பீகளா தாயி? இங்கிலீசு வராது. ஆனா மணி கேக்க வரும். மிச்ச எட்டுப் பேரும் காத்துக் கெடப்பாக" என்றும் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்ட பிறகு, பெட்டியை நிறுத்த வேண்டாம் என்று மல்லிகாவிடம் சொன்னேன். பதினாறாம் நாள் காரியம் வரை அவர் கம்பத்தில் இருப்பார். அதுவரை ஒன்பது பேரையும் அவரே கூப்பிடுவார். பெட்டி உத்தமபாளையம் போகுமா என்பது அன்றுதான் முடிவாகும். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது, மணி என்ன என்ற அந்தக் கேள்வியை மட்டும். இன்று என் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைக்குள் வைத்துவிட்டேன்.