சோப்பக்கா வாங்கிய குதிரை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் சோப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நடந்து போன பிறகும் அந்த வழியில் கொஞ்ச நேரம் சோப்பு மணம் நிற்கும். உண்மைப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

சலவைக்கூடத்துக்கு இரண்டு வாசல். ஒன்றில் அழுக்குத் துணி உள்ளே வரும். மற்றதில் சுத்தத் துணி வெளியே போகும். நடுவே சுவரோடு சுவராகப் பெரிய இயந்திரங்கள். அழுக்குப் பக்கத்து ஆள் குளிக்காமல் சுத்தப் பக்கத்தில் கால் வைக்கக் கூடாது. அவள் அழுக்குப் பக்கத்துக்குத் தலைவி. ரத்தம் பட்ட விரிப்பு, வாந்தி பட்ட தலையணை உறை, எது வந்தாலும் முதலில் சுடுதண்ணீர், பிறகுதான் பேச்சு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே பழக்கம். கை தானாகவே செய்யும்.

கணவர் லாரி ஓட்டியவர். வழியில் நெஞ்சு வலிக்கவும் வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தவர் பிறகு நிமிரவில்லை. பிள்ளைகள் இல்லை. அவர் போன பிறகு வீட்டில் அவளும், வீட்டுக்குப் பின்னால் லாரி நிற்கும் கொட்டகையும்தான் மிச்சம். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதை நகர்த்தி வைக்கக்கூட ஓர் ஆள் இல்லையே என்று ஒருநாள் தோன்றியது. அன்றிலிருந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

மருத்துவமனை மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளி இருந்தது. சேணத்துக்கு அடியில் போடும் துணிகளை அங்கே பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் மதிலுக்கு மேலே நீட்டுவார். அவள் யாருக்கும் தெரியாமல் இயந்திரத்தின் கடைசி நடையில் போட்டுத் துவைத்துக் கொடுப்பாள். பதிலுக்கு அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் குதிரைமேல் ஏற்றிவிட்டார். விழுந்துவிடுவோம் என்ற பயம் முதலில் இருந்தது. பிறகு, தனக்குக் கீழே ஒரு பெரிய உயிர் மூச்சு வாங்கி மூச்சு விடுவது தொடையில் தெரிந்தது. இன்னோர் உயிரின் மூச்சை அவ்வளவு பக்கத்தில் உணர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்ததும் போனாள். மெல்ல மெல்லத் தனியாகவே ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

பள்ளி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடு வரப்போகிறது என்றார்கள். குதிரைகள் ஆளுக்கொரு திசையில் போயின. மாஸ்டர், தன் மகன் வீட்டுக்குக் குடிபோகும் முன் ஒரு தரகரைக் கைகாட்டிவிட்டுப் போனார். கடலுக்கு அப்பால் உள்ள நாட்டில், பள்ளிகளில் ஓடி ஓய்ந்த சாதுவான குதிரைகளை விற்பார்களாம்.

விஷயம் அக்காவின் காதுக்குப் போனது. அக்கா தொலைபேசியிலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

"உனக்கென்னடி, ராஜா வீட்டுப் பரம்பரையா? துணைக்கு ஆள் வேணும்னா ஒரு பூனையை வளர்த்துக்கோ."

"பூனை மேல ஏற முடியாதேக்கா" என்றாள் இவள்.

லாரியை விற்றாள். கொட்டகை காலியானது. பிறந்ததிலிருந்து ஊரைத் தாண்டாதவள், தரகரோடு கப்பல் ஏறினாள்.

அங்கே மழை ஈரம் காயாத ஒரு பண்ணை. விற்கிறவள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட பருத்த பெண்மணி. அவள் பேசுவது இவளுக்குப் புரியாது, இவள் பேசுவது அவளுக்குப் புரியாது. தரகர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலிக்கிறது என்றார். வேலி ஓரம் பழுப்பு நிறக் குதிரை ஒன்று நின்றது. கண்ணுக்கு மேலே நரை. அதன் கழுத்தின் மேல் கழுத்தைப் போட்டபடி கிழட்டு வெள்ளைப் பெண்குதிரை ஒன்று நின்றது. பழுப்புதான் விற்பனைக்கு. வெள்ளைக் கிழவி பயணம் தாங்கமாட்டாள், அவள் சாகும்வரை இங்கேயேதான் என்று தரகர் மொழிபெயர்த்தார்.

பழுப்புக் குதிரை இவளை ஏற்றிக்கொண்டு தூரத்து வேலிவரை அவசரமில்லாமல் போய்த் திரும்பியது. இறங்கும்போது கழுத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். முடிவாகிவிட்டது.

புறப்படும் நாளில் அந்தப் பெண்மணி ஒரு பழைய கம்பளியைக் கொண்டுவந்து குதிரையின் முதுகில் போர்த்தினாள்.

"அந்தக் கிழவி போர்த்திக்கிட்டு இருந்ததாம். எப்பவும் இவன்கூடவே இருக்கட்டும்னு சொல்றாங்க" என்றார் தரகர். இவள் தலையாட்டினாள். குளிருக்குக் கம்பளி கொடுக்கிறாள், நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள்.

கப்பல் வந்து சேர்ந்ததும் குதிரையை உடனே வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. வெளிநாட்டு நோய் எதுவும் இல்லை என்று தெரியும்வரை துறைமுகக் கொட்டகையில் தனியாக வைத்திருப்பார்கள். சொந்தக்காரி கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வேலை முடிந்ததும் அவள் பஸ் பிடித்துப் போய் நிற்பாள். குதிரை, தடுப்பில் போட்டிருந்த அந்தக் கம்பளியில் மூக்கைப் புதைத்தபடி நிற்கும். பிறகு புல் தின்னும். பிறகு மறுபடி கம்பளிக்குப் போகும். மூக்கைத் துடைக்கிறது போலிருக்கிறது என்று அவள் சிரித்துக்கொண்டாள்.

"சாப்பாட்டுல குறையே இல்லம்மா. வீட்டுப் பெரியவர் மாதிரி நிதானமா மென்னு திங்கிறாரு" என்றார் கொட்டகைக் காவலாளி. அன்றிலிருந்து குதிரைக்குப் பெரியவர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மரியாதையும் கூடவே ஒட்டிக்கொண்டது.

பெரியவர் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று தெருவே வாசலில் நின்றது. எதிர்வீட்டுத் தையல்காரர் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்து, இதை ஓட்டுவதற்கு லைசென்ஸ் எடுத்தாயிற்றா என்று விசாரித்தார். அவள் லாரிக் கொட்டகையின் எண்ணெய்க் கறையைத் தேய்த்தெடுத்து, சுண்ணாம்பு அடித்து, காய்ந்த புல் பரப்பி வைத்திருந்தாள். பெரியவர் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்போதுதான் கம்பளி அவள் கண்ணில் பட்டது. வியர்வை, சாணம், கப்பல் துரு, எச்சில் எல்லாம் காய்ந்து பலகையாகி இருந்தது. இத்தனை தூரம் வந்தவருக்கு இதையா போர்த்துவது? கை தானாக நீண்டு அதைச் சுருட்டியது. மறுநாள் சலவைக்கூடத்தில் சுடுதண்ணீரில் ஒரு நடை போட்டாள். தண்ணீர் கறுப்பாக வரவும் கிருமிநாசினி ஊற்றி இன்னொரு நடை. உலர்த்தி, ஓரங்களைத் தேய்த்து மடித்தாள். சாயங்காலம் பெருமையோடு கொண்டுவந்து தடுப்புக் கட்டையில் விரித்தாள்.

பெரியவர் மூக்கை வைத்தார். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக முகர்ந்தார். பை பையாகத் துழாவி எதையோ தேடுகிற மனிதரைப் போல, திரும்பவும் முதலிலிருந்து முகர்ந்தார். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டி, வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அதன்பிறகு அவர் தின்னவில்லை.

ஓட்ஸ் வைத்தாள், கேரட் நறுக்கி வைத்தாள், ஆப்பிளை உள்ளங்கையில் நீட்டினாள். பெரியவர் உதட்டைக்கூட அசைக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. கால்நடை மருத்துவர் வந்து, கண் பார்த்து, பல் பார்த்து, வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். நோய் ஒன்றும் இல்லை என்றார்.

"ஆனா குதிரை இப்படிப் பட்டினி கிடந்தா குடல் கெட்டுப்போகும்மா. அப்புறம் என் கையிலயும் இல்ல, உங்க கையிலயும் இல்ல. ஊருக்கு வெளியில ஒரு பண்ணையில ஏழெட்டுக் குதிரை இருக்கு. அங்க விட்டா பொழைச்சுக்கும்."

பண்ணைக்காரர் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் தேறிய பிறகு வந்து திருப்பிக் கேட்கக் கூடாது என்று கறாராகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்புகிறேன், அதற்குள் தின்ன ஆரம்பித்தால் சொல்லிவிடு என்றார்.

அவள் தரகரைப் பிடித்தாள். தரகர் இன்னொரு தொலைபேசியில் அந்தப் பெண்மணியைப் பிடித்தார்.

"கம்பளி எங்கேன்னு கேக்குறாங்கம்மா."

"இங்கதான் இருக்குண்ணே. நல்லா துவைச்சு விரிச்சு வெச்சிருக்கேன்."

"துவைச்சீங்களா?"

தரகர் அந்த மொழியில் என்னவோ சொல்வது கேட்டது.

"என்னண்ணே சொல்றாங்க?"

"துவைக்கவே கூடாதுங்கிறாங்கம்மா."

தரகர் விளக்கினார். அந்தக் கிழட்டுக் குதிரையின் வாடைதான் கம்பளியில் இருந்ததாம். அது இருக்கும்வரை அவள் எங்கோ பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று இவர் தைரியமாக இருந்திருப்பாராம். இன்னொரு கம்பளி அனுப்பச் சொல்லலாமா என்று இவள் கேட்டாள். அனுப்பலாம், ஆனால் மிருகத்தின் மேல் கிடந்த துணியைத் துறைமுகத்தில் நீராவியில் வேகவைத்துத்தான் வெளியே விடுவார்கள் என்றார் தரகர். குதிரையோடு வந்ததால்தான் இது தப்பியதாம்.

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் படுக்கையறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். கணவரின் சட்டைகள் கை மடக்கி, பட்டன் போட்டு, அடுக்கடுக்காக இருந்தன. அவர் போன மறுநாளே, மூலையில் கழற்றிப் போட்டிருந்தது முதற்கொண்டு ஒன்று விடாமல் துவைத்துவிட்டிருந்தாள். அழுகையோடு அழுகையாகக் கை தன் வேலையைச் செய்திருந்தது. பிறகு எத்தனையோ சாயங்காலம் அந்தச் சட்டைகளை முகர்ந்து பார்த்திருக்கிறாள். டீசல் இல்லை, வியர்வை இல்லை, அவர் இல்லை. சோப்புதான் இருந்தது. அவள் அலமாரியை மூடிவிட்டுத் தன் கையை முகர்ந்தாள். அதிலும் சோப்புதான்.

பெரியவருக்கு அந்தக் கொட்டகையில் ஆளே இல்லை என்று அப்போது விளங்கியது. இவள் வந்து நின்றாலும் ஒரு சோப்புக்கட்டி வந்து நிற்கிற மாதிரிதான்.

காலையில் சலவைக்கூட மேலாளரிடம் தொலைபேசியில் லீவு கேட்டாள். பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்றாள். உன் வீட்டில் பெரியவர் யார் என்று அவர் கேட்டார். இப்போதுதான் வந்தார் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் குளிக்கவில்லை. அலமாரியிலிருந்து எடுத்த சாம்பல் நிறச் சட்டை ஒன்றையே போட்டுக்கொண்டு கொட்டகையிலேயே கிடந்தாள். தண்ணீர் சுமந்தாள், சாணம் அள்ளினாள், பெரியவரின் உடம்பை வைக்கோல் சுருணையால் தேய்த்தாள். வியர்வை வழிந்தது, துடைக்கவில்லை. விரல்கள் சோப்பு கேட்டு அரித்தன. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் கக்கத்தில் செருகிக்கொண்டாள். தலை பிசுபிசுத்தது. தையல்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, பேச்சை ஆரம்பித்த வேகத்திலேயே முடித்துக்கொண்டு போனார். பெரியவர் மட்டும் வாசலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அக்கா அழைத்தாள்.

"குளிக்காம கிடக்கியாமே? நீயா? இப்படி நாறிக்கிட்டு உக்காந்திருந்தா உன் வீட்டுக்கு யாருடி வருவா?"

"மணக்க மணக்க இருந்தப்பவும் யாரும் வரலியேக்கா."

தின்கிறதா பார்த்துச் சொல்லு என்று அக்கா தணிந்த குரலில் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் வெயில் தகரக் கூரையில் காய்ந்தது. அவள் புல்கட்டின் மேல் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். ஏதோ சத்தம் கேட்டு விழித்தாள். காதுக்குப் பக்கத்தில் கறுக் கறுக்கென்று மெல்லும் சத்தம். பெரியவர் அவள் முதுகுக்கு அடியிலிருந்து, வியர்வையில் நனைந்து நசுங்கிய புல்லை இழுத்துத் தின்றுகொண்டிருந்தார். ஒரு வாய் இழுப்பார். சட்டைக் காலரை முகர்வார். சூடான மூச்சு கழுத்தில் படும். மறுபடி ஒரு வாய். பக்கத்திலேயே தொட்டியில் புதுப் புல் கிடந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

அவள் அசையவில்லை. கால் மரத்துப்போயிற்று. மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்தது. அதையும் விரட்டவில்லை. அடியில் இருந்த புல் தீர்ந்ததும் உடம்பை மெல்லப் புரட்டி மறுபக்கத்துக்கு இடம் விட்டாள். கண்ணீர் காதுக்குள் இறங்கிக் கூசியது.

சாயங்காலம் பண்ணைக்காரருக்கு வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

லீவு முடிந்தது. வேலைக்குப் போக வேண்டுமென்றால் குளித்தாக வேண்டும். சட்டையைக் கழற்றித் தொட்டிக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். அன்று முழுக்க ஒவ்வொரு இயந்திரத்தின் கண்ணாடிக்குள்ளும் துணிகள் சுழலும்போது, சாம்பல் நிறம் எதுவும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்தபோது சட்டை ஆணியில் இல்லை. தொட்டிக்குள் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த புல் பாதி தீர்ந்திருந்தது. உதறி, சோப்பு மணக்கும் உடுப்பின் மேலேயே போட்டுக்கொண்டு வாளியோடு குழாயடிக்குப் போனாள்.

விலா எலும்பு மறைந்த பிறகு ஒரு ஞாயிறு காலை பெரியவருக்குச் சேணம் வைத்தாள். தெருமுனை தாண்டியதும் வெற்று மைதானம். அதற்கு அப்பால் கடல் இருக்கும் திசையிலிருந்து காற்று வந்தது. பெரியவர் நடுவில் நின்றுவிட்டார். தலையை உயர்த்தி, காதை நிமிர்த்தி, உடம்பு முழுக்க அதிரும்படி ஒருமுறை கனைத்தார். பதிலுக்குக் காத்து நின்றார். மறுபடி கனைத்தார்.

அவள் தட்டவில்லை, முடுக்கவில்லை. கூப்பிட்டு முடிக்கட்டும் என்று கடிவாளத்தைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.