பத்தாவது வருகையும் பன்றி வைத்தியரும்

வருகை 1 — 2015 செப்டம்பர் 14 — 40 நிமிடம் — 87 டாலர்
வருகை 2 — செப்டம்பர் 17 — 41 நிமிடம் — 87 டாலர்
வருகை 9 — அக்டோபர் 12 — 38 நிமிடம் — 87 டாலர்
வருகை 10 — அக்டோபர் 15 — 44 நிமிடம் — 87 டாலர்

ஒஹாயோவில் ஹார்லன்ஸ்பர்க் ஊரின் பிசியோதெரபி நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்தவள் வெர்னா டுசெக். உதவியாளர் நோயாளியை நடக்க வைக்கலாம், படி ஏற்றலாம், காலை மடக்கி நீட்டலாம். ஆனால் அவர் தேறினாரா இல்லையா என்று மட்டும் எழுதக் கூடாது. அந்த ஞானம் சிகிச்சையாளருக்கே உண்டு. பத்து வருகைக்குள் ஒரு தடவையாவது அவர் நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். இல்லாவிட்டால் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தராது.

அங்கே அந்த ஞானி கர்ட் ஓவர்பி. வாரக் கடைசியில் வந்து, காபி ஆறுவதற்குள் உதவியாளர்களின் எழுபது வருகைக் குறிப்புகளில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

குறிப்பில் ‘நோயாளி சொன்னது’ என்று ஒரு கட்டம் இருக்கும். மற்றவர்கள் அதில் ‘வலி பரவாயில்லை’ என்று எழுதி முடிப்பார்கள். வெர்னா சொன்னதைச் சொன்னபடியே எழுதுவாள், வசவு உட்பட.

அக்டோபர் 15, ஹோவர்ட் ஸ்லாகலின் பத்தாவது வருகை. எண்பத்தொரு வயது, அறுவையில் வைத்த புது இடுப்பு மூட்டு, பன்றி வளர்த்த வாய். ஓவர்பி வந்து பார்த்தாரா என்று வெர்னா கேட்டாள். பதில் அப்படியே கட்டத்துக்குள் போனது:

“ஓவர்பியா? அந்தாள் இருக்கானா செத்தானான்னே தெரியல. என் பன்னிங்களாவது மாசம் ஒருதடவை டாக்டர் மூஞ்சியப் பாத்துச்சு.”

அன்று ஓவர்பி வேட்டைத் துப்பாக்கியில்லாமல் வில்லோடு, காட்டில் மானுக்காக மரத்தின் மேல் காத்திருந்தார். மறுநாள் வந்து, வெர்னாவின் குறிப்பைப் படிக்காமலே, ‘அக்டோபர் 15 அன்று நோயாளியை நேரில் பரிசோதித்தேன்’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டார். இரண்டும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்தன.

நவம்பரில் மெடிகேர் தணிக்கைக்கு அந்தக் கோப்பைக் கேட்டது. அப்போதுதான் ஓவர்பி முதல்முறையாக அதை வாசித்தார். கையெழுத்தான குறிப்பை அழிக்க முடியாது, தேதியிட்டுப் பிற்சேர்க்கை மட்டும் எழுதலாம். அன்றைக்குக் கிழவருக்குப் புத்தி குழம்பியிருந்தது என்று ஒரு பிற்சேர்க்கை போடும்படி வெர்னாவிடம் கேட்டார்.

“அவருக்குப் புத்தி நல்லாத்தான் இருந்துச்சு கர்ட். என்னைச் சீட்டாட்டத்துல தோக்கடிச்சாரு.”

“பத்துக் குறிப்புலயும் உங்க பேர்தான் இருக்கு வெர்னா. மேற்பார்வை இல்லாம நீங்களே வைத்தியம் பண்ணீங்கன்னு நான் எழுதினா, உங்க உரிமம் என்ன ஆகும்?”

“புத்தி குழம்புச்சான்னு முடிவு பண்றது பரிசோதனை. அதுக்கு எனக்கு அதிகாரமில்லையே. நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?”

பிறகு உட்கார்ந்து, கேட்டபடியே பிற்சேர்க்கை எழுதினாள்: ‘நவம்பர் 19, மாலை 4.10. மேலே உள்ள நோயாளியின் சொற்களை மாற்றும்படி திரு. ஓவர்பி இன்று கேட்டார். மாற்றவில்லை.’ கையெழுத்து. அதையும் அழிக்க முடியாது.

ஓவர்பி சொன்னபடியே உரிம வாரியத்துக்குப் புகார் எழுதினார். வெர்னாவின் வேலை நாட்கள் ஐந்திலிருந்து இரண்டாயின. ஐம்பத்தெட்டு வயதில், உரிமம் போனால் மளிகைக் கடையில் பை கட்ட வேண்டியதுதான். ஒவ்வொரு மதியமும் தபால் பெட்டியைத் திறந்து, பீட்சா விளம்பரத்தைத் திட்டிவிட்டு மூடினாள்.

வாரியத்தின் பதில் மூன்று வரி. உதவியாளர் மீது நடவடிக்கை இல்லை. அவரது குறிப்புகள் முழுமையானவை. புகார் கொடுத்தவர் தனியே விசாரிக்கப்படுவார்.

கடிதம் வந்து சேர்ந்தது 2016 மார்ச் 11, வெள்ளிக்கிழமை.