ஐந்து நாற்காலியில் நாலு பேர்

“…அக்காவுக்குக் கண்ணு போச்சுலா, அதுக்குப் புது மானிட்டர் என்னா பண்ணும்?” என்று, மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவரிடம் சொல்லிச் சிரித்தார் முதலாளி. அக்கா பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார்.

லிட்டில் இந்தியாவில், துணிக்கடைகளுக்கு நடுவே இருந்தது அந்த அச்சுக்கடை. தொண்ணூறுகளின் கடைசி. அக்கா கம்ப்யூட்டரில் தமிழ் அடிப்பவர். நான் பிள்ளையாரும் குத்துவிளக்கும் வரைந்து பத்திரிகைக்கு ஓர அலங்காரம் செய்கிறவன். முதலாளியைவிட அக்கா பத்து வயதாவது இளையவர். ஆனாலும் கடையில் எல்லாருக்கும் அக்கா, முதலாளிக்கும்.

பெரிய பெட்டி மானிட்டர் போய், தட்டையான எல்சிடி வந்திருந்தது. முதலாளி அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, பழையதில் இருந்த அதே எண்ணூறுக்கு அறுநூறு புள்ளி அளவைத் தன் கையாலேயே வைத்தார். எழுத்து பெரிதாகத் தெரிந்தால்தான் கடைக்கு அழகாம். அன்றிலிருந்து அக்காவுக்குத் தலைவலி. “மழையில நனைஞ்ச பேப்பர படிக்கிற மாதிரி இருக்குண்ணே” என்று சொல்லிப் பார்த்தார். அந்தத் திரையை அதற்கு மேல் யாராலும் சொல்லிவிட முடியாது. முதலாளி காதில் விழவில்லை.

அன்று காலை, பத்திரிகை அடிக்க வந்தவர் முன்னாலேயே முதலாளி சொல்லிவிட்டார்: “நீங்க பின்னால போயி மஞ்சள் வைங்கக்கா. இந்த எடத்துக்கு வேற ஆள் பாக்கறேன்.”

அச்சான பத்திரிகைகளின் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைப்பது யாரும் செய்கிற வேலை. கம்ப்யூட்டர் நாற்காலியோ, கீபோர்டைப் பார்க்காமலே தமிழ் அடிக்க அக்கா தானாகப் பழகிய இடம். எழுந்து பின்னால் போனார்.

முதலாளி நாசி கண்டார் சோறு சாப்பிடப் போனதும், மானிட்டர் வந்த பெட்டியில் கிடந்த தாளை எடுத்தேன். என் இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனாலும் விஷயம் பிடிபட்டது. பழைய மானிட்டர் எந்த அளவு கேட்டாலும் அதற்கேற்ப வரைந்து காட்டும். எல்சிடியில் புள்ளிகளைத் தொழிற்சாலையிலேயே பதித்துவிடுகிறார்கள்: குறுக்கே ஆயிரத்து இருபத்து நாலு, நெடுக்கே எழுநூற்று அறுபத்தெட்டு. அதுதான் அதன் சொந்த அளவு. குறைத்துக் கேட்டால், ஏறக்குறைய நாலு பேரை இழுத்து ஐந்து நாற்காலியில் உட்கார வைப்பது போல. ஒருவரும் ஒன்றில் முழுசாக உட்கார முடியாது. எழுத்தின் ஓரமெல்லாம் கலங்கிவிடும்.

திரையை அதன் சொந்த அளவுக்கு மாற்றினேன்; எழுத்து சிறுத்துத் தெளிந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். மஞ்சள் விரலோடு வந்து நின்றவர், பத்திரிகையை மேலிருந்து கீழ்வரை கடகடவென்று வாசித்தார். “ஐயோ தம்பி, கழுவி வச்ச மாதிரி இருக்கே!” என்று உட்கார்ந்தேவிட்டார்.

முதலாளி திரும்பி வந்தார். மாதிரி பார்க்க, கல்யாணக்காரரும் கூடவே வந்தார்.

“என்னாலா இது, எறும்பு மாதிரி?” முதலாளி குனிந்தார். தலையைப் பின்னுக்கு இழுத்தார். கண்ணைச் சுருக்கி, இன்னும் இழுத்தார்.

“எறும்பா? எனக்கு நல்லாத் தெரியுதே” என்றார் கல்யாணக்காரர்.

“எழுத்த மட்டும் பெருசாக்கிக்கலாம்ணே, திரை அளவ தொட வேணாம்” என்றேன்.

அக்கா மெதுவாகத்தான் சொன்னார். “அண்ணே, நீங்க ஒரு கண்ணாடி போட்டுப் பாருங்களேன்.”

முதலாளி சிரிக்கவில்லை. அக்காவின் கைக்கு அடியிலிருந்து மவுஸை உருவி, எண்ணூறுக்கு அறுநூறு என்று பழையபடி வைத்தார். பிறகு பின்னால் போய் மஞ்சள் கிண்ணத்தை எடுத்துவந்து, அக்காவின் மடியில் வைத்தார்.