தூங்கிய செடிகள்

லிஃப்ட் மெக்கானிக்கின் கை சும்மா இருக்காது. ஓடாததைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதை மாட்டுவதே அவர் பிழைப்பு, வீட்டிலும் அப்படித்தான். பால்கனி மட்டும் மனைவியின் ராஜ்ஜியம். பழைய பெயின்ட் வாளிகளில் ஓட்டை போட்டு, புதினா, எலுமிச்சைப்புல், சாமந்தி என்று வளர்த்துவந்தாள். அந்தச் சாமந்தி, தெருவில் யாரோ நறுக்கி வீசிய கொம்பை எடுத்துவந்து அவள் பிழைக்கவைத்தது.

மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "குளிர்ல எல்லாம் காஞ்ச மாதிரிதான் இருக்கும். பயந்துடாதீங்க. லேசா தண்ணி தெளிச்சா போதும்."

டிவியை விட்டுக் கண்ணெடுக்காமல், "சரி சரி" என்றார்.

குளிர் வந்தது. வாளிகளில் வெறும் குச்சிகள்தான் மிஞ்சின. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியும் ஒன்றும் அசையவில்லை. செத்ததைப் பார்த்தால் அவள் மனசு உடைந்துபோவாளே என்று எல்லாவற்றையும் பிடுங்கி, மண்ணோடு குப்பை வண்டியில் ஏற்றினார். சுவருக்கு வெள்ளையடித்து, கடையிலிருந்து பூத்துக் குலுங்கும் செடிகளை வாங்கி அடுக்கினார். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்கே பெருமை தாங்கவில்லை.

திரும்பி வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னோடதெல்லாம் எங்கங்க?"

"செத்துப்போச்சும்மா. நானும் தண்ணி ஊத்திப் பார்த்தேன்."

"சாகலைங்க. மேலதான் காயும், அடியில வேர் தூங்கிட்டிருக்கும். வெயில் வந்தா துளிர்த்துடும். வருஷா வருஷம் அப்படித்தானே?"

வருஷா வருஷம். அதே பால்கனியில் தினமும் சட்டை காயப்போட்டவர், ஒருமுறைகூட அதைக் கவனித்ததில்லை.

அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. "நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்று டீ போடப் போய்விட்டாள். அதுதான் முள்ளாய்த் தைத்தது.

குப்பைக் கிடங்குக்கு ஓடினார். மலைபோலக் கிடந்ததில் எதைத் தேடுவது? வெறுங்கையோடு திரும்பினார். கடைச் செடிகளும் பூத்து முடித்ததும் வாடிப்போயின. "வேற வைக்கலாமா?" என்று கேட்டால், "இனிமே எதுக்குங்க?" என்பாள்.

அதற்கப்புறம், வேலைக்குப் போகிற வீடுகளில் காய்ந்த தொட்டி கண்ணில் பட்டால் அவரால் சும்மா வர முடியவில்லை. "தூக்கிப் போட்டுடாதீங்கம்மா, அடியில சுரண்டிப் பாருங்க" என்பார். ஒரு வீட்டம்மா சிரித்துக்கொண்டே ஒரு பிடி புதினா வேரைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள்.

வீட்டில் அதை நீட்டினார். மனைவி வாங்கவில்லை.

"நீங்களே வைங்க."

குந்தி உட்கார்ந்து, பழைய வாளி ஒன்றில் புது மண் நிரப்பிக் கிளறினார். அவள் கதவோரம் நின்றாள், கிட்டே வரவில்லை.

அவர் விரலால் குழி தோண்டத் தொடங்கியதும், "அவ்வளவு ஆழமா வேண்டாம்" என்றாள்.