கறுத்துப் போன சோறு

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் செரிமானப் பாடம் நடத்தும்போது எச்சில் சோதனையைச் செய்து காட்டுவது என் வழக்கம். ஒரு கிண்ணத்தில் வெறும் சோறு, இன்னொன்றில் வாயில் மென்று துப்பிக் கொஞ்ச நேரம் வைத்த சோறு. இரண்டிலும் அயோடின் கரைசலைச் சொட்டினால் வெறும் சோறு கருநீலமாக மாறும். மென்ற சோறு அப்படி மாறாது. எச்சிலில் இருக்கும் நொதி அதற்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்திருக்கும். போன வருஷம் இரண்டு கிண்ணமுமே கறுத்து வகுப்பில் என் மானம் போயிற்று. அதனால் இந்தத் தடவை வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிடலாம் என்று பள்ளிக்கூட லேபிலிருந்து சின்னப் பழுப்பு பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தேன். அடுப்படி மேடையில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தபோது என் மாமியார் நிலைப்படியில் நின்றிருக்கிறார். சொட்டு விழுந்ததும் சோறு கறுத்ததைப் பார்த்திருக்கிறார். மென்று துப்பிய கிண்ணம் அவர் கண்ணில் படவில்லை.

என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. அவர் அங்கே நின்றதே எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அந்த ஒரு கிண்ணம் சோறு எங்கள் வீட்டில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்திருந்தது.

பொன்னமராவதி வீட்டில் நாங்கள் நான்கு பேர். மாமியார், நான், என் கணவர், பிறகு என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி. கொழுந்தனார் குவைத்தில் இருக்கிறார். கணவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். காலையில் நான் பஸ் பிடிப்பதற்கு முன்னால் சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் என் கையால் ஆகிவிடும். துணி, பாத்திரம், வீடு கூட்டுவது ஓரகத்தியின் பங்கு. இதில் யாருக்கும் குறை இருந்ததாக எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டால், குறையே சொல்லாத வீட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஆவணி வாக்கில் ஓரகத்தி மெலிய ஆரம்பித்தாள். சாப்பாடு குறையவில்லை, கூடியது. காலையில் இட்லி தின்று கை கழுவிய ஈரம் காய்வதற்குள் பழைய சோற்றுப் பானையைத் திறப்பாள். மதியச் சோறு சாயங்காலத்துக்கு மிஞ்சாது. அத்தனையும் எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஜாக்கெட்டையெல்லாம் டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துத் தைத்தாள். பிறகு பிடித்துத் தைத்ததும் தொளதொளவென்று தொங்கியது.

நான் சும்மா இருக்கவில்லை. என் குணம் அப்படி. தின்றதை வாந்தி எடுக்கிறாளோ என்று பாத்ரூம் கதவோரம் நின்று காது கொடுத்தேன். சோற்றைக் கொல்லையில் கொட்டுகிறாளோ என்று காக்கைகள் எங்கே கூடுகின்றன என்று பார்த்தேன். புருஷன் கூடவே குவைத்துக்குப் போக இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாளோ என்றும் யோசித்தேன். காசநோயாக இருக்குமோ என்ற நினைப்பு கடைசியில்தான் வந்தது. ஒரு விலங்கியல் டீச்சருக்கு அதுதான் முதலில் வந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் அவள் என் சோற்றைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. வெளியில் பார்சல் வாங்கிக்கொண்டு வந்து தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். பிறகு அறைக்குள்ளேயே ஒரு கரண்டு அடுப்பு வந்தது. என்ன விஷயம் என்று கேட்டதற்கு, காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். நான் வைக்கும் குழம்பில் காரமே இருக்காது என்று என் மகள் ஹாஸ்டலில் இருந்து வரும்போதெல்லாம் சண்டை போடுவாள். அதனால் அந்தப் பேச்சை நான் நம்பவில்லை.

விஷயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடைந்தது. மாமியாரும் ஓரகத்தியும் காலையில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்பினார்கள். மருந்து எடுக்கிறவர் ஒருவரிடம் போயிருக்கிறார்கள். எங்கள் பக்கம் ஒருவர் காரணம் தெரியாமல் மெலிந்தால், யாரோ சாப்பாட்டில் மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்கள். அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்குமாம். அதை வெளியே எடுப்பதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். பச்சிலைச் சாறு குடிக்க வைத்து அவளை வாந்தி எடுக்கச் செய்து, மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றைக் காட்டியிருக்கிறார். கையோடு கொண்டுவந்திருந்தால் மைக்ராஸ்கோப்பில் வைத்து அது மனுஷ மயிரா, ஆட்டு மயிரா என்று நானே சொல்லியிருப்பேன். அவர் அதைக் கொடுக்க மாட்டாராம்.

யார் வைத்தது என்று அவர் பெயர் சொல்லவில்லை. சமைக்கிற கை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஒரு மண்டலம் அந்தக் கைச் சோறு ஆகாது என்பது பத்தியம். மாமியார் இதை என் முகத்தைப் பார்க்காமல், கூடத்துச் சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகுதான் நிலைப்படியில் நின்றதும், சொட்டு விட்டதும், சோறு கறுத்ததும், அதை அவர் ஓரகத்தியிடம் முன்பே சொல்லியிருந்ததும் வெளியே வந்தன. எச்சில், நொதி, மாவுச்சத்து என்று நான் என்னென்னவோ சொன்னேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர்கள் முகம் இன்னும் இறுகியதே தவிர இளகவில்லை. எனக்குக் கேவலமாக இருந்தது.

அன்று என் கணவர் மட்டும்தான் என் பக்கம் நின்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு ஒன்மேல ஒரு துளி சந்தேகம் கெடையாது. கெழவி பேச்ச மனசுல வச்சுக்காத" என்றார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நான் அடுத்தடுத்த வாரங்களில் அடுப்படிக்குள் போனேன். அதற்குப் பிறகு யார் எதிரில் இருந்தாலும் முதல் வாய் நான் சாப்பிட்டுவிட்டுத்தான் பரிமாறினேன். மாமியார் அதையும் பார்த்தார். வைத்த மருந்துக்கு முறிவு எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ.

வகுப்பில் அப்போது வளர்சிதை மாற்றம் போய்க்கொண்டிருந்தது. தின்ற சோறு குளுக்கோஸாகி, ரத்தத்தில் ஏறி, செல்லுக்குள் போய், மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எரிகிறது. வருகிற ஆற்றலில் ஒரு பங்கை உடம்பு ஏடிபி என்ற மூலக்கூறாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது, மீதி சூடாகப் போய்விடுகிறது. ஒரு பக்கம் கட்டுமானம், இன்னொரு பக்கம் சிதைப்பு, இரண்டும் நிற்காமல் நடக்கின்றன. எவ்வளவு வேகத்தில் நடக்க வேண்டும் என்று தூண்டிவிடுவதில் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பிக்குப் பெரிய பங்கு. சும்மா படுத்திருந்தாலும் எரியுமா மிஸ் என்று ஒருத்தி கேட்டாள். ஸ்டாண்டு போட்ட பைக்கை ஆஃப் பண்ணாமல் விட்டால் பெட்ரோல் குறையாதா என்றேன். ஐடிலை, அதாவது சும்மா நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை, கூட்டி வைத்தால் நின்ற இடத்திலேயே டேங்க் காலியாகிவிடும் என்றும் சொன்னேன். சொன்ன எனக்கு வீட்டு நினைப்பே வரவில்லை. மணி அடித்ததும் போர்டை அழித்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்கழியில் ஒரு நாள் கொழுந்தனார் வீடியோ காலில் வந்தார். எல்லோரும் கூடத்தில் இருந்தோம். நாங்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டிருக்க, ஓரகத்தி ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தாள். போனை அவள்தான் பிடித்திருந்தாள். படம் ஆடிக்கொண்டே இருக்கிறது, அங்கிட்டு நெட்வொர்க் சரியில்லையா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. ஆடியது அவள் கை. நான் கையைப் பார்த்தேன், பிறகு கழுத்தில் நரம்பு படபடவென்று துடிப்பதைப் பார்த்தேன், பிறகு கண்ணைப் பார்த்தேன். முழி கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தது. என்னைக் கண்டால் முறைக்கிறாள் என்று இத்தனை மாதம் நான் நினைத்துக்கொண்டிருந்த கண் அது.

தைராய்டுக்கு ரத்தம் பார்க்க வேண்டும் என்று கொழுந்தனாரிடமே சொன்னேன். நான் சொல்வதாலேயே அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. எனக்குத் தெரிந்த லேபில் ரத்தம் கொடுக்க மறுத்து, புதுக்கோட்டைக்குப் போய்த்தான் கொடுப்பேன் என்றாள். சரி என்றேன். நாலு பேரும் போனோம். பஸ்ஸில் அவள் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வேண்டாம் என்றாள்.

டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது, தின்பதெல்லாம் எரிந்துபோய், அதுவும் பற்றாமல் கொழுப்பையும் சதையையும் எடுத்து எரித்துக்கொண்டிருக்கிறது என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. இருமல் மருந்து, நாட்டு மருந்து என்று அயோடின் சேர்ந்த எதையாவது சாப்பிட்டீர்களா என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். சிலருக்கு அயோடின் கூடினால் இந்தச் சுரப்பி இப்படி வேகமெடுக்கும், ஹார்மோனுக்கு அதுதான் மூலப்பொருள் என்றும் விளக்கினார்.

மாமியாருக்கு அந்த வார்த்தை புரியவில்லை. ஆனால் மருந்து என்பது புரிந்தது. "இவ ஒரு பழுப்பு மருந்த சோத்துல விட்டாளுங்க. சோறு கறுத்துப் போச்சு" என்று என்னைக் காட்டினார்.

அது என்ன என்று டாக்டர் என்னைக் கேட்டார். அயோடின் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். படித்தவர், நிதானமானவர், அவர்கூட ஒரு கணம் என்னை அளந்தார். சோதனையைப் பற்றி நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். ஆனால் வேறொரு ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடலாம் என்றார். முடிவு வர நாளாகும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பாட்டிலைத் தேடி எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கரைசல் நான் நினைத்திருந்ததைவிடக் குறைவாக இருந்தது. மூடி தளர்ந்திருந்தால் குறையும். ஒத்திகைக்கே அவ்வளவு செலவாகியும் இருக்கலாம். ஆனால் அந்தக் கறுத்த சோற்றை எங்கே கொட்டினேன்? கிண்ணத்தை நான் கழுவினேனா, ஓரகத்தி கழுவினாளா? மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் வாளியில் போட்டேனா, வேறெங்கும் வைத்தேனா? ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஊரையே சந்தேகப்படுகிறவள் கடைசியில் என் கையையே சந்தேகப்பட்டேன்.

முடிவு வந்தது. ரத்தத்தில் ஒரு எதிர்ப்புப் புரதம் இருந்தது. கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பு, ஆள் மாறிப்போய்த் தன் சுரப்பியின் மேலேயே ஒட்டிக்கொள்ளும் புரதத்தைச் செய்து, இன்னும் வேலை செய், இன்னும் வேலை செய் என்று அதை முடுக்கிக்கொண்டிருக்கிறது. ஓரகத்தியைப் பார்த்து டாக்டர் சொன்னார். "இது வெளியில இருந்து யாரும் குடுத்து வந்தது இல்லம்மா. ஒங்க ஒடம்பே செஞ்சது." தூக்கம் வராததும், எரிச்சலும், காரணமில்லாத பயமும் சந்தேகமும்கூட இதோடு சேர்ந்து வரும், மருந்து சாப்பிட்டால் அடங்கும் என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

மாத்திரை வேலை செய்தது. முதலில் கை நடுக்கம் நின்றது, பிறகு தூக்கம் வந்தது, மாசி பிறந்து ஒட்டிய கன்னம் நிரம்பியது. மருந்து எடுத்தவர் கைராசிக்காரர் என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னார். டாக்டர் பேச்சையே அவர் எடுக்கவில்லை. அந்த ஆளுக்கு இதனால் இன்னும் பத்து வீட்டில் சமைக்கிற கை கிடைத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம், எனக்கு லீவு நாள், ஓரகத்தி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்காமல் சோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினேன். முதல் வாயை நான் எடுக்கப் போனபோது தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பாதிச் சாப்பாட்டில் அழுதாள். மன்னிச்சிருங்கக்கா என்றாள். எனக்கு அவள்மேல் கோபமே இல்லை, நிஜமாகவே இல்லை. அந்த ஹார்மோன் ஓடுகிற ரத்தத்தோடு நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன் என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆறுதல் சொல்வதாக நினைத்து அடுத்ததைச் சொன்னாள்.

"நான் மட்டுமா பயந்தேன். அத்தானும் அப்ப ஒங்க சோத்தச் சாப்புடலக்கா. பார்சல் வாங்கப் போறப்பல்லாம் மெஸ்ஸுல பாத்தேன். அக்காகிட்டச் சொல்லிராதன்னாங்க."

பத்தியம் முடிந்த பிறகும் பார்த்தாயா என்று கேட்டேன். ரத்த முடிவு வரும் வரைக்கும் பார்த்தேன் என்றாள். அப்போதெல்லாம் என் கணவர் கடைக்குக் கொண்டுபோன டிபன் கேரியர் சாயங்காலம் காலியாகத்தான் திரும்பி வந்தது. ராத்திரியில் வயிறு மந்தமாக இருக்கிறது என்று, தானே பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டுப் படுப்பார். கடையில் அலைச்சல், பாவம் என்று நான் சீரகம் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். அதை அவர் குடித்தாரா என்று இப்போது யோசித்துப் பார்த்தால் தெரியவில்லை. காக்கை கூடுகிற இடமெல்லாம் பார்த்தவள், பாத்ரூம் கதவில் காது வைத்தவள், அவரை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

அன்று அவர் கடை சாத்திவிட்டு வந்து, நல்ல பசி என்றார். இலை போட்டுச் சோறு வைத்தேன். ஓரகத்தி சாப்பிட்ட அதே குழம்பு. மணமாக இருக்கிறது என்று பிசைய ஆரம்பித்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"அவளுக்காவது தைராய்டு. ஒங்களுக்கு என்னங்க?" என்று கேட்டேன்.

பிசைந்த சோறு ஆறிப்போகும் வரைக்கும் அவர் கை இலையிலேயே இருந்தது. நானும் எழுந்திருக்கவில்லை.